அச்சமும் அழுகையும்: சித்திர நாவல்களிற் பழங்கதை

பழங்கதை சிறுவர்க்கே உரியது என்னும் எண்ணம் மிகப் பழமையானதன்று. பிரான்சு நாட்டுப் பெரோ என்பார் 1697 ஆம் ஆண்டில் வெளியிட்ட கதைத் தொகுதியிலே, செந்தொப்பிச் சிறுமி ஓநாய்க்கு இரையாகி மாய்கின்றாள். அவளை மீட்பார் ஒருவரும் வருகின்றிலர். ஜேர்மனியிலே கிறிம் சகோதரர் 1812 ஆம் ஆண்டில் வெளியிட்ட முதற்றொகுதியிலே, பனிவெள்ளை என்னும் அரசிளங்குமரியைக் கொல்லுமாறு ஏவியவள் அவளைப் பெற்ற தாயே. 1819 ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் அத்தாய் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ஹன்சல், கிறெற்றல் என்னும் இரு குழந்தைகளையும் பஞ்சகாலத்திற் காட்டிலே விட்டுவருமாறு கணவனை நெருக்கிய தாயும் 1840 ஆம் ஆண்டுப் பதிப்பில் மாற்றாந்தாயானாள். பெற்றவள் இது செய்யாள் எனப் பதிப்பாசிரியர் கருதினர் போலும். ஆயின் அதே பதிப்புக்களில், பழுக்கக் காய்ச்சிய இருப்புச் செருப்பை அணிந்து சாகும்வரை ஆடும் அரசியின் தண்டனை அப்படியே நின்றுவிட்டது. குழந்தைகளுக்கு ஆகாது என நீக்கப்பட்டது கொடுமையன்று. பெற்றவளே கைவிட்டாள் என்னும் துயரமே நீக்கப்பட்டது. கொடுமைக்கு அஞ்சாத பதிப்பாசிரியர் துயரத்துக்கு அஞ்சினர் என்பது ஊன்றி நோக்கற்பாலது.

பின்னர் வந்தோர் கொடுமையையும் களைந்தனர். 1937 ஆம் ஆண்டில் வால்ற் டிஸ்னியின் பனிவெள்ளைத் திரைப்படம் வெளிவந்தபோது இருப்புச் செருப்பும் மறைந்துவிட்டது. அப்படம் கண்டவரும், அதன்வழி வந்த வண்ணப் புத்தகங்களைப் படித்தவரும், பழங்கதை என்பது இனிப்புத் தடவிய பண்டம் என்றே எண்ணப் பழகினர். இந்நாகரிகம் நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது. இந்தியச் சிறார்க்கு இதிகாச புராணங்களைப் படக்கதையாக அளித்துப் பெயர்பெற்ற அமர் சித்திரக் கதை வரிசையின் முதற் பத்து இதழ்களும், 1965 ஆம் ஆண்டளவிலே கன்னட மொழியில் வெளிவந்த மேனாட்டுத் தேவதைக் கதைகளே. கண்ணன் கதை பதினோராம் எண்ணையே பெற்றது. இதிகாசத்துக்கு முன் சின்ரெல்லா வந்து இருக்கை பிடித்த இச்செய்தி சிறிது நகைப்புக்குரியதாயினும், பிற்காலத்து இதிகாசப் படக்கதைகள் ஏன் அத்துணை வழவழப்பாயின என்பதை ஒருவாறு விளக்கவுஞ் செய்கின்றது.

இற்றைநாளில் மேனாட்டார் கிராபிக் நாவல் என்று வழங்கும் சித்திர நாவல்கள் இவ்வழவழப்பை எதிர்த்து எழுந்தன. சித்திரமும் சொல்லும் சம பங்காக நின்று நெடுங்கதை சொல்லும் நூல் வகை இது. பழங்கதைகளின் இருண்ட பக்கத்தைத் திரும்பவும் புரட்டிக் காட்டுவது இவற்றின் ஒரு கிளை. அமெரிக்காவிலே பில் வில்லிங்ஹம் 2002 ஆம் ஆண்டிலே தொடங்கிய 'பேபிள்ஸ்' என்னும் நீண்ட தொடரில், தேவதைக் கதை மாந்தர் தம் நாடிழந்து நியூயோர்க் நகரிலே அகதிகளாய் ஒளிந்து வாழ்கின்றனர். பழைய ஓநாயே அவர்களுக்குக் காவல் அதிகாரி. எமிலி கரோல் என்னும் கனடிய ஓவியை 2014 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'காடுகளினூடே' என்னும் தொகுதி, பழங்கதையின் காட்டையும் பாழ்வீட்டையும் எடுத்துக்கொண்டு அச்சத்தையே பொருளாக்குகின்றது. அதே ஆண்டிலே இத்தாலிய ஓவியர் லொரென்சோ மற்றொற்றி கருமை நிறைந்த பக்கங்களாக வரைந்த சித்திரங்களுடன் ஹன்சல், கிறெற்றல் கதையை நீல் கெய்மன் மீண்டுஞ் சொன்னார். கெய்மன் முன்னர் எழுதிய பனிவெள்ளைக் கதையொன்றைக் கொலீன் டொரான் 2019 ஆம் ஆண்டில் சித்திர நாவலாக்கினார். அதிற் பேசுபவள் மாற்றாந்தாய், குருதி குடிக்கும் பேயோ பனிவெள்ளை.

இந்நூல்கள் பாடசாலை நூல்நிலையத்தில் இடம்பெறத்தக்கனவா என ஆசிரியர் வினவுவதும், மாணாக்கர் அவ்வினாவுக்குக் காத்திராது அவற்றைப் படித்து முடிப்பதும் இன்று எங்கும் காணும் நிகழ்ச்சிகளாம். இருள் மிகுந்தமையின் விலக்கத்தக்கன என்பாரும், இருளே உண்மையாதலின் கொள்ளத்தக்கன என்பாரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இருள் என்பதை அவர்கள் ஒரே பொருளாகக் கொண்டனர். அஃது ஒன்றன்று, இரண்டு.

இவ்வேறுபாட்டைக் காண்பதற்குத் தமிழர் நெடுந்தூரஞ் செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கும் அழுகைக்கும் தனித்தனி நான்கு நிலைக்களன் வகுத்துள்ளார். அச்சம் பிறப்பது அணங்காலும், விலங்காலும், கள்வராலும், தமக்கு இறைவராயினாராலும். சூனியக்காரி, ஓநாய், ஆறலை கள்வர், கொடிய அரசி என நிரல்படுத்திப் பார்ப்பின், மேனாட்டுத் தேவதைக் கதைகளின் பாத்திரப் பட்டியல் முழுவதும் இந்நான்கனுள் அடங்கிவிடுதல் வியப்பைத் தரும். அழுகை பிறப்பதோ இளிவாலும், இழவாலும், அசைவாலும், வறுமையாலும். பிறரால் இகழப்படுதல், உற்றாரை இழத்தல், பண்டை நிலையினின்றுந் தாழ்தல், இல்லாமை என்னும் இவை யாவும் அன்றாட மனையறத்தில் நிகழ்வன. அச்சந் தருவது வெளியிலிருந்து வருகின்றது. கதவைச் சார்த்தினால் ஓரளவுக்கு ஒழியும். அழுகைக்குரியது வீட்டினுள்ளேயே இருக்கின்றது. கிறிம் சகோதரர் தாயை மாற்றாந்தாயாக்கியபோது செய்தது இதுவே. வீட்டினுள் இருந்ததை வெளியே தள்ளி, அழுகையை அச்சமாக மாற்றிவிட்டனர்.

மேலே கூறிய சித்திர நாவல்களை இவ்வளவுகோல் கொண்டு நோக்குமிடத்து, அவற்றுட் பல அச்சத்தை மிகுவித்தனவேயன்றி அழுகைக்கு மீளவில்லை என்பது புலனாகும். கரோலின் நூல் அச்சத்தை வளர்ப்பதிற் கைதேர்ந்தது. வெள்ளைப் பக்கம் திடீரெனக் கருமையாதலும், எழுத்துக்களே நடுங்கி வளைதலும், செந்நிறம் ஒன்றே தனித்து எரிதலும் எண்ணியெண்ணிச் செய்யப்பட்டவை. ஆயினும் அந்நூலை மூடிய பின்னர் நெஞ்சில் நிற்பது ஓர் உருவமேயன்றி ஒரு மனிதரன்று. வில்லிங்ஹமின் தொடரோ நாடிழந்தோர் வாழ்க்கை என்னும் அரிய பொருளைக் கையிற்கொண்டும், விரைவிலே துப்பறியுங் கதையாகவும் போர்க்கதையாகவும் பரந்து செல்கின்றது. அகதி வாழ்வை அறிந்த வாசகர் அத்தொடரின் தொடக்கத்திலே எதிர்பார்ப்பது வேறு, பெறுவது வேறு. டொரானின் நூலில் ஒரு சிறப்புண்டு. கதை சொல்லும் அரசி சூளையில் இடப்பட்டு வேகும் நிலையிலிருந்தே பேசுகின்றாள். தன்னை உலகம் இனி எவ்வாறு நினைவுகொள்ளும் என்பதை அறிந்தவளாய் அவள் பேசும்போது அச்சக்கதையின் ஓட்டைத் துளைத்துக்கொண்டு இளிவின் குரல் எழுகின்றது. மற்றொற்றியின் சித்திரங்களிலும் மனத்தைப் பிணிப்பது கிழவியின் வீடன்று. உணவற்ற வீட்டைவிட்டு இருளுக்குட் செல்லும் சிறிய உருவங்களே. பஞ்சத்துக்கு முன் போர் வந்தது என இந்நூல் சொல்லுதலும் பொருத்தமே. சூனியக்காரியை நம்பாத வாசகரும் போரையும் பஞ்சத்தையும் நம்புவர்.

மேனாட்டார் இன்று புதுவதாகக் கண்டதுபோற் பேசும் இருண்ட பழங்கதை தமிழர்க்கு என்றும் இருந்துவந்தது. அதுவும் படத்தோடு இருந்தது. சென்னை இரத்தின நாயகர் முதலிய பதிப்பாளர் வெளியிட்ட 'பெரிய எழுத்து' நூல்வரிசையினைப் புலவர் உலகம் பொருட்படுத்தியதில்லை. கோயிற்றிருவிழாக் கடைகளிலே பாயிற் பரப்பி விற்கப்பட்ட மலிவுப் பதிப்புக்கள் அவை. கொச்சையும் எழுத்துப் பிழையும் மலிந்தவை. ஆயினும் எழுத்தறிவு குறைந்தாரும் வாசிக்கத்தக்க பருவெழுத்தும், இடையிடையே தடித்த கோடுகளால் ஆகிய சித்திரமும் அமைந்த அந்நூல்கள் ஒரு வகையிற் சித்திர நாவலுக்கு மூதாதையர் எனலாம். அவற்றுள் நல்லதங்காள் கதையை எடுத்துக்கொள்க.

மழையின்றி நாடு பன்னீராண்டு வாடுகின்றது. காசிராசன் மனைவியாகிய நல்லதங்காள் ஏழு பிள்ளைகளோடு தன் தமையன் நல்லதம்பியின் ஊருக்கு நடந்து வருகின்றாள். தமையன் வீட்டில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கின்றாள். பின்னர் உலையேற்ற ஓட்டைப் பானையும் எரியாத பச்சை விறகும் கொடுக்கின்றாள். பசியால் அழும் பிள்ளைகளோடு வெளியேறிய தாய் ஒவ்வொருவராக அவர்களைக் கிணற்றில் எறிகின்றாள். மூத்தவன் உயிர்ப்பிச்சை கேட்டு ஓடுகின்றான். அவனையும் பிடித்து எறிந்து தானும் வீழ்கின்றாள். இதனினும் இருண்ட கதையொன்றைக் கிறிம் சகோதரரின் ஏழு பதிப்புக்களிலுந் தேடிக் காண்டல் அரிது. ஆயினும் இக்கதையைக் கேட்டு எவரும் நல்லதங்காளுக்கு அஞ்சியதில்லை. கேட்டவர் அழுதனர். பிள்ளைகளைக் கொன்றவள் பேயாகாமல் தெய்வமானாள். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலுண்டு.

கிறிம் பதிப்பாசிரியர் செய்யத் துணியாததை இக்கதை செய்திருத்தலை ஈண்டுக் காண்க. பெற்ற தாயைப் பெற்ற தாயாகவே வைத்திருக்கின்றது. மூளி அலங்காரி கொடியவள்தான். ஆயினும் கிணற்றருகே அவள் இல்லை. அங்கு நின்றவள் தாய். வறுமை, தமையன் மனையிற் பட்ட இளிவு, அரசி ஆண்டியான அசைவு ஆகியன ஒன்றன்மேலொன்றாக ஏறி, இறுதியில் இழவாக முடிகின்றன. தொல்காப்பியர் கூறிய நான்கும் இவ்வாறு ஒருங்கே அமைந்த கதையை நாட்டுப்புறத்துப் பாடகர் எவ்விலக்கணமுங் கற்றுச் செய்தாரல்லர். துன்பம் வந்த வழியிலேயே கதையைக் கொண்டுசென்றார், அவ்வளவே.

ஈழத்திலும் இந்நெறி அயலானதன்று. நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் (1924–1989) நடித்துப் புகழ்பெற்ற அரிச்சந்திர மயான காண்டத்தை நினைவுகூர்ந்தாற் போதும். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சுடலைக்குத் தூக்கி வந்த தாயிடம், கட்டணங் கேட்டுத் தடுக்கும் காவலன் அவள் கணவனே. இக்காட்சியைக் கோயில் வீதிகளிலே குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டே தாய்மார் விடியவிடியப் பார்த்தனர். பிணமும் சுடலையும் சிறுவர்க்கு ஆகா என ஒருவருஞ் சொன்னதில்லை. 1947 ஆம் ஆண்டிலே தொடங்கிய அம்புலிமாமாவில், தோளிற் பிணமும் கையில் வாளுமாக நடந்த விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த படமும் அத்தகையதே. அப்படத்தைக் கண்ட தலைமுறைகள் உறக்கமிழந்து வாடின என யாரும் முறையிட்டிலர்.

இப்பின்னணியிலே நோக்குங்கால், சென்னைத் தாரா பதிப்பகம் 2011 ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சீதையின் இராமாயணம்' என்னும் சித்திர நாவல் தனிக் கவனத்துக்குரியதாகின்றது. சித்திரம் வரைந்தவர் மேற்கு வங்காளத்துப் பட்டுவா மரபினரான மொய்னா சித்திரகர். உரை எழுதியவர் சம்ஹிதா ஆர்ணி. இவர் சிறு வயதிலேயே மகாபாரதத்தைத் தாமே எழுதி வரைந்து 1996 ஆம் ஆண்டில் அதே பதிப்பகத்தின் வாயிலாக வெளியிட்டவர். பட்டுவா ஓவியர் நீண்ட படச்சுருளை விரித்து, காட்சிகளைச் சுட்டிக்காட்டிப் பாடிக் கதைசொல்வோர். அவருட் பலர் சமயத்தால் இசுலாமியராயிருந்தும் தலைமுறை தலைமுறையாக இராமகாதையைப் பாடிவருதல் போற்றற்குரியது. இந்நூலிற் சித்திரமே முற்பட்டது. உரை அதற்கேற்பப் பின்னர் எழுதப்பட்டது. இம்முறை பெரும்பாலும் நன்மையே பயந்துள்ளது.

நூல் தொடங்குமிடம் கவனிக்கத்தக்கது. கருவுற்ற சீதை காட்டிலே தனித்து விடப்பட்டு நிற்கின்றாள். காடு அவளை வினவுகின்றது. அவள் தன் கதையைச் சொல்லுகின்றாள். தமிழ் வாசகர்க்கு இதன் பொருள் வேறெவர்க்கும் இல்லாத கூர்மையோடு தைக்கும். கம்பன் காவியம் திருமுடி சூட்டலோடு நிறைவுறுகின்றது. அதன்பின் நிகழ்ந்ததைக் கூறும் உத்தர காண்டத்தைத் தமிழ் மரபு ஒட்டக்கூத்தர் பெயரால் வழங்கி, கம்பனுக்கு வெளியே நிறுத்திவிட்டது. ஆகவே கம்பன் நிறுத்திய இடத்துக்கும் அப்பாலிருந்து இந்நூல் வாய் திறக்கின்றது. முடிவைத் தொடக்கமாக்கியதனால், பஞ்சவடியும் பொன்மானும் அசோகவனமும் ஆகிய பழகிய காட்சிகள் யாவும், இனி வரப்போவதை அறிந்த ஒருத்தியின் நினைவாக நிறம் மாறிவிடுகின்றன.

இத்தொடக்கம் ஆசிரியையின் புத்தாக்கம் என்று கருதுதல் பொருந்தாது. வங்காளத்திலே பதினாறாம் நூற்றாண்டிற் சந்திராவதி என்னும் பெண்பாற் புலவர் சீதையின் துயரையே நடுவாக வைத்து இராமாயணம் பாடினார். அவ்வழியின் நீட்சியே இந்நூல். தமிழிலும் புதுமைப்பித்தன் 1943 ஆம் ஆண்டில் எழுதிய 'சாப விமோசனம்' என்னும் சிறுகதை இத்திசையிற் சென்றது. சீதை தீக்குளிக்க நேர்ந்ததைக் கேட்ட அகலிகை அதிலே மீண்டுங் கல்லாகின்றாள். கம்பனிலும் மீட்சிப் படலத்தில் இராமன் வாயிற் பிறக்கும் சொற்களின் கடுமையைக் கண்டு உரைகாரர் தடுமாறியதை ஆசிரியர்கள் அறிவர். இருள் மூலத்திலேயே இருந்தது. பள்ளிப் பதிப்புக்களே அப்பக்கங்களை ஒட்டிவிட்டன.

சித்திரத்தின் இயல்பு இங்கே பேசப்படல் வேண்டும். மேனாட்டு இருண்ட நாவல்களின் கருவி நிழல். மற்றொற்றியின் பக்கங்கள் மை வெள்ளத்தில் மூழ்கியவை. கரோலின் காட்டில் ஒளி ஒரு கீற்றே. பட்டுவா ஓவியத்திலோ நிழல் என்பதே கிடையாது. தடித்த கருங்கோட்டு வரம்புக்குள்ளே செம்மையும் மஞ்சளும் நீலமும் பச்சையும் தட்டையாக நிரம்பியிருக்கும். முகங்கள் பெரிய விழிகளோடு விளங்கும். அழும் சீதையும், போர்க்களத்து வெட்டுண்டாரும் அதே பட்டப்பகல் ஒளியிலேயே காட்சியளிக்கின்றனர். மறைந்திருந்து பாய்வதற்கு அவ்வுலகில் இருட்டு மூலை எதுவுமில்லை. ஆகவே அச்சம் புகுதற்கு வழியுமில்லை. துயரம் ஒன்றே எஞ்சுகின்றது. இருளைக் காட்ட மை வேண்டுவதில்லை என்பதை இந்நூலினும் தெளிவாகக் காட்டும் சித்திர நாவல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. பெரிய எழுத்து நூல்களின் கோட்டுப் படங்களிலும் நிழலின்மை இவ்வாறே துணைசெய்தது. அவற்றை வரைந்தார்க்கு வேறு வசதி இருந்ததில்லை என்பது உண்மையாயினும், பயன் ஒன்றே.

இலங்கையில் இந்நூலை வாசிப்பவர் நெடிது தங்கும் பகுதி போர்ப்பகுதியே. சீதை சிறையிருந்தவளாதலின் போரைக் காணாள். திரிசடை வாயிலாகவே கேட்கின்றாள். திரிசடையைக் கம்பன் வீடணன் மகளாக்கி, சீதைக்கு உற்ற தோழியாக்கிய சிறப்பை இங்கே ஒப்பிட்டுக் காணலாம். வாளும் வில்லும் மோதும் ஓசை செய்தியாக மட்டுமே வந்து சேர்வதால், வென்றவர் தோற்றவர் என்னும் பிரிவு மங்கி, இறந்தவர் இருப்பவர் என்னும் பிரிவே மேலெழுகின்றது. வெற்றிக்குப் பின்னர்ச் சீதையின் எண்ணம் இலங்கைப் பெண்டிர்மேற் செல்லுகின்றது. தோல்வியுற்ற ஆடவர் மாண்டு போவர். அத்தோல்வியை உயிரோடிருந்து சுமப்பவர் தாயரும் மனைவியரும் மக்களுமே என அவள் கருதுகின்றாள். தன்னை மீட்பதற்காக நிகழ்ந்த போரிற் பிறர் கைம்மை எய்தினர் என்னும் அறிவு அவளுக்கு வெற்றியிலும் மகிழ்ச்சி தரவில்லை. 2009 ஆம் ஆண்டுக்குப் பின் இந்நாட்டில் வாழும் தமிழ் வாசகர்க்கு இப்பக்கங்களுக்கு உரை வேண்டா. சூர்ப்பணகையின் மூக்கறுபட்ட செயலையும் இந்நூல் நகைப்புக்குரியதாக்காமல், ஒரு வன்செயல் அதனிற் பெரியதொன்றை ஈன்றது என்று காட்டுகின்றது. (வன்னிப் போரின் துயரையே பெஞ்சமின் டிக்ஸ், லின்ட்சே பொலொக் என்போர் 2019 ஆம் ஆண்டில் 'வன்னி' என்னும் சித்திர நாவலாக வெளியிட்டமை ஈண்டு நினைக்கத்தக்கது. அது பழங்கதையன்றாயினும், இவ்வடிவம் அழுகையைத் தாங்க வல்லது என்பதற்குச் சான்றாகும்.)

இராவணன் பக்கம் நின்று கதைசொல்லல் வேறு; சீதையின் வாயாற் சொல்லல் வேறு. புலவர் குழந்தை 1946 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இராவண காவியம்' ஒரு வழக்குரை. குற்றவாளியை மாற்றி நிறுத்துவதே அதன் நோக்கம்; அந்நோக்கத்தில் அது வலிமையுடையது. புதுக்கடை நீதிமன்றங்களின் நடைமுறையைக் கண்டவர்க்கு வழக்குரைஞர் உரைக்கும் பாதிக்கப்பட்டவர் வாக்குமூலத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை. வழக்குரைஞர் தீர்ப்பை நோக்கிப் பேசுவார். சாட்சி நடந்ததை நோக்கிப் பேசுவார். சீதை இந்நூலிற் கூறுவது வாக்குமூலம். அவள் இராமன்மேற் பழி சுமத்தி முடிப்பதில்லை; நடந்ததைச் சொல்லுகின்றாள். சொல்லி முடித்தபோது பழி யாருடையது என்பதைக் கேட்டவர் தாமே உணர்கின்றனர்.

நூலிற் குறையில்லை என்பதன்று. சித்திரம் முழுவதும் பேசிவிட்ட இடத்திலும் உரை மீண்டும் பேசுதல் சிற்சில பக்கங்களில் உண்டு. போரைப் பற்றிச் சீதை கூறும் எண்ணங்கள் உண்மையானவையாயினும், அவற்றின் நடை சில வேளைகளில் இக்காலத்துக் கட்டுரையாளர் நடையாகிவிடுகின்றது. பட்டுவாப் பாடகர் தம் சுருளை விரித்துப் பாடும்போது இத்தகைய விளக்கங்களுக்கு இடமிராது. குரலின் இழைவே அதைச் செய்துவிடும். அச்சுப் புத்தகம் இழந்தது அக்குரலை. மேலும் நெடுஞ்சுருளாக ஓடவேண்டிய ஓவியத்தைக் கட்டங்களாக நறுக்கியமையால், மூச்சு முட்டுவது போன்ற உணர்ச்சி சிற்சில இடங்களில் உண்டாகின்றது.

இக்குறைகள் எவ்வளவு சிறியன என்பதை அறிய, இதே காதையை எடுத்துக்கொண்ட பிறிதொரு முயற்சியை ஒருமுறை புரட்டினாற் போதும். தீபக் சோப்ரா, சேகர் கபூர் என்போரின் படைப்பாக வேர்ஜின் நிறுவனம் 2006 ஆம் ஆண்டில் தொடங்கிய 'இராமாயண் 3392' என்னும் படக்கதைத் தொடர், காலத்தை வருங்காலத்துக்குத் தள்ளி, பேரழிவுக்குப் பிற்பட்ட பாழுலகைக் களமாக்கியது. அங்கே வானம் கறுத்திருக்கின்றது. அரக்கர் முறுக்கேறிய தசையும் கோரப் பல்லுமாக வருகின்றனர். ஒவ்வொரு பக்கமும் வெடித்துச் சிதறுகின்றது. வரைந்தவரின் கைத்திறனில் ஐயமில்லை. ஆயினும் அணங்கும் விலங்கும் பெருகப்பெருக, காட்டுக்குப் போன மகனை நினைந்து மாய்ந்த தந்தையின் துயர் அங்கே இடமின்றி ஒதுங்கிவிடுகின்றது. இருண்ட இராமாயணம் எனப் பெயர் பெறுதற்கு இதுவே உரியது என இளைஞர் எண்ணுவர். பகல்போன்ற நிறங்களில் அமைந்த மொய்னாவின் நூலோ உண்மையில் அதனினும் இருண்டது.

ஆசிரியரின் வினா இன்னும் நிற்கின்றது. இவற்றைப் பாடசாலை நூல்நிலையத்தில் வைப்பதா? அச்சத்தையே பொருளாகக் கொண்ட நூல்களை விலக்குதல் வேண்டும் என்பதன்று. அச்சமும் ஒரு சுவையே, பதினைந்து வயது மாணவன் அதை நாடுதல் இயல்பு, தடுத்தாலும் நில்லான். ஆனால் அவற்றை வாங்கி அடுக்கிவிட்டு, சீதையையும் நல்லதங்காளையும் துயரமிக்கன என்று அலுமாரியிற் பூட்டிவைப்பது கிறிம் பதிப்பாசிரியர் செய்ததையே மீண்டுஞ் செய்வதாகும். வீட்டிற் பசி கண்ட பிள்ளையும், தந்தையை இழந்த பிள்ளையும், ஊர்விட்டு ஊர் பெயர்ந்த பிள்ளையும் கொழும்பு வகுப்பறைகளில் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். ஓநாய்க் கதை அவர்களுக்குப் பொழுதுபோக்கு. தமையன் வீட்டுக் கதவு அடைபட்ட கதை அவர்களுள் ஒருவனுக்கேனும் தன் கதை.

முடிவுகளைப் பற்றி ஒன்று கூறற்பாலது. பெரிய எழுத்துப் பதிப்பு நல்லதங்காளைக் கிணற்றிலேயே விட்டுவிடுவதில்லை. தமையன் திரும்பி வந்து, நடந்ததறிந்து, மனைவியையும் அவள் சுற்றத்தையும் அழித்துத் தானும் மாய்ந்தபின், சிவபெருமானும் உமையும் தோன்றி எழுப்பியருளுகின்றனர். ஏட்டைக் கேட்டவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழுந்து செல்வதற்கு அவ்வருள் வேண்டியிருந்தது. சீதையின் கதையிலே அத்தகைய எழுப்புதல் இல்லை. மீண்டும் ஒருமுறை தூய்மையை மெய்ப்பிக்க வேண்டுமெனக் கேட்டபோது, அவள் தன்னைப் பெற்ற மண்ணை அழைக்கின்றாள். மண் பிளந்து அவளை ஏற்றுக்கொள்ளுகின்றது. கிறிம் சகோதரர் கதைகளிலிருந்து துரத்திய பெற்ற தாய், இங்கே மகளைக் கொண்டுபோக வந்துவிட்டாள். இராமனும் பிள்ளைகள் இருவரும் பிளவு மூடிய நிலத்தின்மேல் நிற்கின்றனர்.